மழை, கொழுந்து, பேர்: மூன்று கோட்டை ஒரு படத்துக்குள் கொண்டுவந்த கதை

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் டிவிசன் ஆபீசில் வேலை செய்கிறேன். கொழுந்து ஏன் குறைந்தது என்று மாதக் கூட்டத்தில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது வாக்குவாதம் வரும். மழை என்பார் ஒருவர், வேலைக்கு ஆள் வரவில்லை என்பார் இன்னொருவர். செக்ரோல் என்கிற வேலைப் பதிவேடும் மழைக் கொப்பியும் என் மேசையில்தான் இருக்கின்றன. பன்னிரண்டு மாதத்து மழை, கொழுந்து, பேர் (ஒரு ஆள் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர்) மூன்றையும் ஒரே படத்தில் போட்டுக் காட்டிவிட்டால் பேச்சு சுருங்கும் என்று நினைத்தேன்.

ஆபீஸ் மடிக்கணினியில் இருப்பது லிப்ரே ஆபீஸ் கல்க் என்ற விரிதாள் மென்பொருள். மூன்று நிரலையும் தெரிவுசெய்து கோட்டு வரைபடம் போட்டேன். கொழுந்துக் கோடு மட்டும் மேலே ஓடியது. மழையும் பேரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தரையில் கிடந்தன. கொழுந்து இருபதாயிரம் கிலோ கணக்கில், மழை சில நூறு மில்லிமீட்டர், பேர் ஆயிரத்துச் சொச்சம். ஒரே அளவுகோலில் போட்டால் சிறிய எண்கள் நசுங்கத்தான் செய்யும்.

ஹட்டனில் ஏ.எல். படிக்கிற என் அண்ணன் மகள்தான் வழி காட்டினாள். "அத்தை, படத்த ரெண்டு தடவ கிளிக் பண்ணி உள்ள போங்க. கொழுந்துக் கோட்டு மேல ரைட் கிளிக் பண்ணுங்க." ஃபார்மட் டேட்டா சீரீஸ், அதில் ஆப்ஷன்ஸ், அதில் செகண்டரி ஒய் ஆக்சிஸ். அதைத் தெரிவுசெய்ததும் வலப்பக்கம் கொழுந்துக்கென்று தனி அச்சு முளைத்தது. மழைக் கோடு தரையை விட்டு எழும்பியது.

ஆனால் அந்தப் படம் என்னைப் பயமுறுத்தியது. ஜூலை மாதம் கொழுந்து கிடுகிடுவென்று பள்ளத்தில் விழுந்ததுபோல் இருந்தது. கொப்பியைப் பார்த்தால் இறங்கியது நாலாயிரம் கிலோ மட்டும்தான். வலது அச்சு பூச்சியத்தில் தொடங்காமல் தானாகவே பதினாறாயிரத்தில் தொடங்கியிருந்ததுதான் காரணம். அப்படியே கொண்டுபோயிருந்தால் வேலை செய்கிற சனத்தின் மேல் அநியாயமாகப் பழி விழுந்திருக்கும். பேர்க் கோட்டை அப்போதைக்கு எடுத்து வைத்தேன். ஃபார்மட் ஆக்சிஸில் ஸ்கேல் பகுதிக்குப் போய் ஆட்டோமேட்டிக் என்ற அடையாளங்களை எடுத்துவிட்டு, இடது அச்சை 0 முதல் 600 வரை நூறு நூறாகவும், வலது அச்சை 0 முதல் 30,000 வரை ஐயாயிரம் ஐயாயிரமாகவும் வைத்தேன். இரண்டு பக்கமும் ஆறு இடைவெளி. குறுக்குக் கோடுகள் இரண்டு அச்சின் எண்களோடும் பொருந்தி நின்றன. இரண்டு அச்சுப் படம் போடுகிற எல்லோரும் முதலில் செய்யவேண்டியது இதுதான் என்பேன்.

மழைக் கொப்பியில் மார்ச் மாதப் பக்கம் கிழிந்திருந்தது. நான் அங்கே 0 போட்டு வைத்திருந்ததால் அந்த மாதம் ஒரு சொட்டுக்கூடப் பெய்யாததுபோல் கோடு இறங்கியது. கலத்தை வெறுமையாக விட்டு, அதே ஆப்ஷன்ஸில் இடைவெளி விடும்படி சொன்னேன். கோடு அந்த இடத்தில் அறுந்து நின்றது. அதுதான் உண்மை.

மூன்றாவது கோட்டில்தான் இரண்டு இரவு போனது. கல்க்கில் நிமிர்ந்த அச்சு இரண்டுதான், எக்செலிலும் அப்படித்தான். பின்னணி இல்லாத இன்னொரு படத்தை மேலே ஏற்றி வைத்துப் பார்த்தேன். அச்சடிக்கும்போது நகர்ந்துவிட்டது. எல்லா மாதத்தையும் ஜனவரியின் எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்கிப் பார்த்தேன். ஜனவரியில் எங்கள் பக்கம் மழை குறைவு. அதனால் தென்மேற்குப் பருவமழை கொட்டிய ஜூன் மாதம் படத்துக்கு வெளியே பாய்ந்தது. கடைசியில் ஒவ்வொரு எண்ணையும் அதனதன் வருடச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்கினேன். சராசரி உள்ள கலத்தை டொலர் குறி போட்டுப் பூட்டாமல் கீழே இழுத்ததில் ஒரு தடவை எல்லாம் பிழையாகிப்போனது. பூட்டியதும் மூன்றும் ஒரே அச்சில் வந்து உட்கார்ந்தன. 100 என்றால் சராசரி மாதம். கிலோவும் மில்லிமீட்டரும் தெரிய வேண்டுமே என்று இரண்டு அச்சுப் படத்தை அதன் கீழேயே வைத்தேன். ஆபீஸ் பிரிண்டரில் கறுப்பு மை மட்டும்தான், ஆகவே நிறத்தை நம்பாமல் ஒன்றை முழுக்கோடாகவும் ஒன்றைப் புள்ளிக்கோடாகவும் ஒன்றை வெட்டுக்கோடாகவும் மாற்றினேன்.

ஜூலையில் பேர் சராசரிக்குக் கீழே இறங்கவே இல்லை. ஆள் வரவில்லை என்ற பேச்சு கூட்டத்தில் அதோடு நின்றது. மழைதான் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, முப்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிற ஒரு பெரியம்மா தாளை வாங்கி, ஜூலைப் பள்ளத்தில் விரலை வைத்தார்.

"ஏ புள்ள, அந்த மாசந்தானே ஏழாம் நம்பர் மலைய கவ்வாத்து வெட்டுனாங்க. அங்க எடுக்க ஏது கொழுந்து?"

செக்ரோலைப் புரட்டினேன். கவ்வாத்துக்கு, அதாவது தேயிலைச் செடிகளை வெட்டிவிடுகிற வேலைக்கு, போட்ட பேர் வரிசையாக இருந்தது. நான் அதையும் சேர்த்துத்தான் கூட்டியிருந்தேன். அன்று பின்னேரமே கொழுந்து எடுத்த பேரைத் தனி நிரலாகப் பிரித்தேன். வெட்டிய மலைக்கு மாதவாரியாக இன்னொரு நிரல் போட்டு, படத்தில் ஜூலைக்கு நேரே 'ஏழாம் நம்பர் கவ்வாத்து' என்று எழுதி வைத்திருக்கிறேன்.