வண்டிப்பாதை என்று நான் எழுதிய ஓடை

அந்த ஓடையை முதலில் கணினித் திரையில்தான் பார்த்தேன். மாந்தோப்புகளுக்கு நடுவே வெளிறிய பட்டையாக நெளிந்து போனது. அகலம் 20 மீட்டர் இருக்கும். நடுவில் இரண்டு சக்கரத் தடங்கள். படம் ஏப்ரல் மாதத்தில் எடுத்தது. எக்செல் அட்டவணையில் ‘மாட்டுவண்டிப் பாதை, கடக்கத் தடையில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

சென்னையிலிருந்து பெங்களூரு வழியாக மைசூருக்கு 435 கி.மீ. அதிவேக ரயில் பாதை என்று அறிவிப்பு வந்திருந்த காலம் அது. அப்படி ஒரு பாதை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தைக் கடந்தால் எந்த வழியில் போனால் மண்ணுக்கும் நீருக்கும் சேதம் குறைவு என்று மாற்றுத் தடங்களை ஒப்பிடும் வேலை எங்கள் சிறிய குழுவிடம் வந்தது. நான் சித்தூரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அதனால் குடிபாலா பக்கத்து எல்லையோரத் தமிழ்க் கிராமங்களை என் பங்காகக் கொடுத்தார்கள்.

இந்த வேலையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது வளைவு. சாதாரண ரயில் பாதை ஒரு குன்றையோ குட்டையையோ பார்த்தால் ஒதுங்கிப் போகும். மணிக்கு 320 கி.மீ. ஓடும் ரயிலுக்கு அது முடியாது. மும்பை–அகமதாபாத் பாதையில் வளைவின் ஆரம் பொதுவாக 6,000 மீட்டர். அந்தக் கணக்கில் ஒரு குட்டைக்காக 300 மீட்டர் விலகிப் போய், மறுபடி பழைய கோட்டில் வந்து சேர ஆறேழு கிலோமீட்டர் வேண்டும். அதற்குள் இன்னும் இரண்டு ஊரும் ஒரு குன்றும் குறுக்கே வந்துவிடும். வரைபடத்தில் முதலில் இழுக்கிற கோடுதான் முக்கால்வாசி விஷயத்தை முடிவு செய்துவிடுகிறது. கள ஆய்வு, அறிக்கை, கூட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மார்ச் மாதம் நேரில் போனேன். அந்த ஊரில் ஏரி மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்துவிடும் நீர்கட்டி வேலையைத் தலைமுறையாகப் பார்த்த குடும்பம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்துத் தாத்தா என்னோடு நடந்து வந்தார். வரைபடத்தை விரித்து, “இந்த வண்டிப்பாதை எங்கே தாத்தா போகுது?” என்று கேட்டேன். அவர் நின்றுவிட்டார்.

“வண்டிப்பாதையா? இது ஏரிக்கு வர்ற கால்வாய் பாப்பா. தண்ணி இல்லாத நாள்ல வண்டி போவும், அவ்வளவுதான்.”

கைத்தடியால் மண்ணைக் கிளறிக் காட்டினார். மேலே புழுதி. ஒரு சாண் கீழே சாம்பல் நிறத்தில் வண்டல், அதற்கும் கீழே பொடி மணல், மறுபடி வண்டல். ஒவ்வொரு வெள்ளமும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன படுகை, ஏடு ஏடாக. பிறகு கரையிலிருந்த பனைமரத்தைக் காட்டினார். இடுப்பு உயரத்தில், பட்டையின் சொரசொரப்பில், வைக்கோலும் சருகும் ஒரு பிளாஸ்டிக் கயிறும் சுற்றிச் சிக்கியிருந்தன. 2021 நவம்பர் மழை கொண்டுவந்தது. திருப்பதிக்குப் பக்கத்தில் ராயலசெருவு ஏரி உடைந்துவிடுமோ என்று கீழே இருந்த ஊர்களையெல்லாம் காலி செய்தார்களே, அதே மழை. அந்த வாரம் இந்த வண்டிப்பாதையில் ஆள் இறங்க முடியாமல் தண்ணீர் ஓடியிருக்கிறது. ஏரி நிறைந்து, கோடி போய் (மிஞ்சிய தண்ணீர் வழிந்து), அடுத்த ஏரி நிறைந்து, அதுவும் கோடி போய், மூன்றாவதையும் நிரப்பிவிட்டுக் கடைசியில் நீவா ஆற்றில் விழுந்திருக்கிறது. தமிழ்நாட்டு எல்லை தாண்டினால் அதே நீவாவுக்குப் பொன்னை என்று பெயர். அது பாலாற்றில் போய்ச் சேருகிறது.

நான் எழுதியபடி விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கேயே நின்று யோசித்தேன். மண்ணைக் கொட்டி உயர்த்திய கரைமேல் பாதை வரும். வண்டிப்பாதை என்பதால் ஒரு டிராக்டர் நுழையும் அளவுக்குச் சின்னப் பெட்டிப் பாலம் வைப்பார்கள். பெருமழை வந்தால் மேற்கே தோப்புகளும் வீடுகளும் முழுகும். கிழக்கே மூன்று ஏரிகளும் காய்ந்து கிடக்கும். ஒரே ஒரு வரி, அதை எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் மண்டல அலுவலகத்தில் கிராம வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தனி சர்வே எண்ணோடு ‘வாகு புறம்போக்கு’ என்று தெலுங்கில் தெளிவாக இருந்தது. தமிழில் ஓடைப் புறம்போக்கு. செயற்கைக்கோளுக்குத் தெரியாதது அந்தப் பழுப்பேறிய தாளில் இருந்தது. நான்தான் அதை முதலில் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் பிழை என்னோடு மட்டும் நிற்கவில்லை. நாங்கள் தடங்களை ஒப்பிடப் பயன்படுத்திய மதிப்பெண் முறையிலேயே கோளாறு இருந்தது. நீர்நிலை என்ற தலைப்பில், பாதை எத்தனை ஹெக்டேர் நீர்ப்பரப்பின் மேல் போகிறது என்றுதான் கணக்கு. ஏரிக்குள் போனால் மதிப்பெண் குறையும். ஏரிக்கு வரும் கால்வாயை அறுத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே குறையாது, ஏனென்றால் கால்வாய்க்குப் பரப்பு இல்லை! வாயைக் கட்டிவிட்டு வயிற்றைத் தொடவில்லை என்று சொல்வது போலத்தான் இது. பரப்பை விட்டுவிட்டு, எத்தனை ஏரிகளின் வரத்தைப் பாதை அறுக்கிறது என்று எண்ண வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் மூத்த பொறியாளர், “கோட்டை நகர்த்த முடியாதும்மா, தூக்கலாம்” என்றார். அந்த இடத்தில் மண்கரைக்குப் பதிலாகத் தூண்களின் மேல் பாதை, 40 மீட்டர் இடைவெளி, ஓடைக்குள் தூண் கூடாது என்று எங்கள் பரிந்துரையில் ஏறியது. செலவு கூடும். கூடட்டும்.

இதையெல்லாம் நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதை கிடையாது. அதாவது ரயில் பாதைக்கு அந்த அறிவிக்கையின்படி முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. காட்டைத் தொட்டால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் கேள்வி கேட்கும். சரணாலயத்தைத் தொட்டால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும். பலமநேர், குப்பம் பக்கம் கௌண்டின்யா சரணாலயம் இருக்கிறது. 1980-களில் பக்கத்து மாநிலக் காடுகளிலிருந்து யானைகள் வந்து தங்கிய இடம். அங்கே வேலி போட்ட அதிவேகப் பாதை எப்படிப் போகலாம் என்று பேசவாவது ஓர் அதிகாரி, ஒரு வாரியம் இருக்கிறது. குடிபாலா பக்கத்து வறண்ட ஓடைக்கு அப்படி யாரும் இல்லை. கோடு போடுகிறவர் பார்த்தால்தான் உண்டு. கேரளத்தில் சில்வர்லைன் என்ற வேக ரயில் பாதைக்கு மஞ்சள் அளவைக் கல் நட்டபோது மக்கள் அவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். மண்கரை வெள்ளத்தை மறிக்கும் என்ற பயமும் அந்த எதிர்ப்பில் இருந்தது. வீட்டு வாசலில் கல் வந்த பிறகுதான் பாதை எது என்று தெரிய வேண்டுமென்றால், யாருக்குத்தான் கோபம் வராது?

ஓடைக்கு வழி கிடைத்தது. ஆனால் ஓடையைத் தாண்டினால் உடனே ஒரு மாந்தோப்பு. எல்லாம் பெங்களூரா ரக மரங்கள். கூழ்த் தொழிற்சாலைக்குக் காய் போகும். ஓடைக்குள் வராமல் தள்ளி வைத்த தூண்கள் அந்தத் தோப்புக்குள்தான் இறங்குகின்றன. தூண் நடுகிற இடம் சிறியதுதான், ஆனால் பாதையின் அகலத்துக்கு மேலே கிளை எதுவும் இருக்கக் கூடாது. எண்ணிப் பார்த்தேன், 22 மரங்கள். முதல் நாள் வெயிலில் அலைந்து வந்த எனக்குக் காயை அரிந்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்த அம்மாவின் தோப்பு அது.

அதை வேறு யார் வாயாலோ அவர் கேட்கக் கூடாது என்று மறுபடி போனேன். தடம் இன்னும் முடிவாகவில்லை, ஆனால் முடிவானால் இப்படித்தான், இதை எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. “ஏரிக்குத் தண்ணி வரணும், சரி. எந்த மரம்னு காட்டு” என்றார். செருப்பை வரப்பில் விட்டுவிட்டு முன்னால் நடந்தார். வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் நின்று, அது எந்த வருஷம் நட்டது, எந்த வருஷம் நன்றாகக் காய்த்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அதையும் குறித்துக்கொண்டேன்.