தார் ரோட்டில் ஒரு தார்

நாகலூர் பக்கம் மாமனாருக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. கடைசி ஒன்றரை கிலோமீட்டர் மண்பாதை. மழை பெய்தால் என் கார் பாதியிலேயே நின்றுவிடும். அதற்காகத்தான் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று தேடினேன். ஏற்காட்டிலேயே ஒரு பெரியவர் 2014 மாடல் மஹிந்திரா தார் விற்பதாகத் தெரிந்தது. டீசல், செகண்ட் ஓனர், விலை ஆறு லட்சம்.

எனக்கு வண்டியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஆயில் மாற்றும் தேதி மட்டும்தான். அஸ்தம்பட்டியில் எங்கள் காரைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். ஒரு நாள் கூலி, சாப்பாடு. "நாம போறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லிடுங்க தம்பி" என்றார். சொல்லிவிட்டேன்.

விடிகாலையில் கிளம்பி, கோரிமேடு தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். பானெட் ஜில்லென்று இருந்தது. முதல் சாவிக்கே என்ஜின் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து சூடானதும் அடங்கியது. ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி அதே வாயில் சும்மா கவிழ்த்து வைத்தார். மூடி குதிக்கவில்லை. "பிஸ்டன் ரிங்கு நல்லாருக்கு." என்ஜின் கதை அத்தோடு முடிந்தது. நானோ அதைத்தான் பெரிதாக நினைத்துப் போயிருந்தேன்.

அப்புறம் சாக்கை விரித்துக் கீழே படுத்தவர் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. டார்ச் அடித்து, சேஸில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் தெரிந்த இடங்களை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்த்தார். மேல் துருதான், பொத்தல் இல்லை. ஷாப்ட்டின் மூட்டான கிராஸைப் பிடித்து ஆட்டினார். அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தின் ஆயிலைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்குமாம்.

டயரில்தான் முதல் சந்தேகம். முன்பக்கம் இரண்டும் புதுசு. பின்பக்கம் மொட்டை, பக்கவாட்டில் 2217 என்று போட்டிருந்தது, அதாவது 2017-இன் 22-ஆவது வாரம். "சாதாரண காருக்குன்னா விட்டுடலாம். இதுல நாலும் ஒரே அளவா தேயணும்" என்றார். 4எச், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் நிலை போட்டால் முன் ஷாப்டும் பின் ஷாப்டும் ஒன்றாகப் பிணைந்து ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் போக வேண்டும். மண்ணில் சக்கரம் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் வழியில்லாமல் உள்ளே முறுக்கேறும். டயர் அளவு மாறினால் நேர் ரோட்டிலேயே அதே முறுக்கு.

அவர் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது பெரியவர் டீயோடு வந்தார். "நம்ம வண்டி கிரிப்பு அப்படி தம்பி. அடிவாரத்துல ஃபோர் வீல் போட்டா மேல வந்துதான் எடுப்பேன்" என்றார் பெருமையாக.

அண்ணன் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

ஓட்டிப் பார்க்கப் போனோம். மண் சரிவில் 4எச், மெதுவாகக் கூடுதல் இழுவையோடு போகும் 4எல் இரண்டும் விழுந்தன, வண்டி அலுங்காமல் ஏறியது. வேண்டுமென்றே 4எச்-சிலேயே தார் ரோட்டுக்கு வந்து ஒரே ஒரு திருப்பம் திரும்பினார். ஸ்டியரிங் இறுகியது. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் 2எச்-சுக்கு லிவரை இழுத்தால் வரவில்லை. பத்தடி ரிவர்ஸ் எடுத்ததும் டக்கென்று கழன்றது. "முறுக்குனா இப்படித்தான், எந்த வண்டியும் செய்யும். இந்த வண்டி எத்தனை வருஷமா செஞ்சிருக்குங்கறதுதான் கேள்வி."

திரும்பி வந்து, முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கீழ் போல்ட்டைத் தளர்த்தி இரண்டு சொட்டு ஆயிலை வெள்ளைத் துணியில் பிடித்தார். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் அரம் போட்ட தூள் மாதிரி மின்னியது, உள்ளே தேய்ந்த உலோகம். பெரியவரிடம் துணியைக் காட்டினோம். அவர் வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பாவமாக இருந்தது, ஏமாற்றும் ஆளில்லை, நிஜமாகவே தெரியாமல் ஓட்டியிருக்கிறார்.

ஐந்தரை லட்சத்துக்குப் பேசி முடிந்தது.

ஆர்.சி.யில் இன்னும் கடன் நிற்பதை எம்பரிவாஹன் ஆப்பில் பார்த்திருந்தேன். கடன் அடைத்து வருஷமாகிறது, யாரும் நீக்கவில்லை. பெரியவர் வங்கியில் கடன் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி.யும், அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வாங்கித் தரும்வரை அட்வான்ஸோடு நிறுத்திக்கொண்டேன். சேஸ் நம்பரைப் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டோம். பெயர் மாற்ற 29, 30 படிவங்கள் இரண்டிலும் கையெழுத்து.

சேலத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்தபோது ஒரு பேரிங் போயிருந்தது. அதோடு நாலு டயரும் மாற்றியதில் குறைத்து வாங்கிய ஐம்பதாயிரம் போய், மேலே கொஞ்சம் கைக்காசும் போனது.

சாவி வாங்கப் போன அன்று பெரியவர் ஜன்னல் வரை வந்தார். "வளைவுல ஃபோர் வீல் போட்டுக்கங்க தம்பி, மறந்துடாதீங்க." சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு, லிவர் 2எச்-சில் இருக்கிறதா என்று பார்த்துக் கிளம்பினேன்.