லோக்கல் சேனல்காரர்கள் எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போன கதை

லோக்கல் சேனலுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பது அதைப் பார்க்கிறவர்கள் பலருக்குத் தெரியாது. கேபிள் சந்தா தனிக் கணக்கு. சேனலை ஓட்டுவது ஆடித் தள்ளுபடி, நகைக்கடை, பள்ளி அட்மிஷன், கல்யாண மண்டபம், திருவிழா நேரலை, அப்புறம் கண்ணீர் அஞ்சலி. 2020 மார்ச்சுக்குப் பிறகு கடைசியாகச் சொன்னது மட்டும்தான் மிச்சம். அதற்கும் பாதிப் பேரிடம் காசு கேட்க வாய் வரவில்லை.

நான் தர்மபுரி பக்கத்தில் கேபிள் இழுத்து, அதிலேயே ஒரு சேனலும் நடத்துகிறேன். சாயங்காலம் ஊர்ச் செய்தி, கீழே ஸ்க்ரோலில் பாலக்கோடு தக்காளி விலை, தர்மபுரி அங்காடியில் பட்டுக்கூடு விலை. ஊரடங்கில் கேபிள் சேவைக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். கம்பத்தில் ஏறினால் போலீஸ் தடுக்கவில்லை. ஆனால் சந்தாவுக்குப் போனால், ஓசூர் கம்பெனியில் வேலை போய் ஊர் திரும்பிய பையன் “அடுத்த மாசம் தரேன்ணா” என்பான். அப்போது அடிப்படைச் சந்தா மாசம் 130 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., பார்க்கிற கட்டணச் சேனல்களுக்குத் தனி. அவன் தராவிட்டாலும் பெட்டியில் படம் ஓட எங்களுக்குச் சிக்னல் தருகிற பெரிய கேபிள் நிறுவனத்துக்கு நாங்கள் கட்டியாக வேண்டும்.

சுற்றுவட்டாரத்து ஆபரேட்டர்கள் சேர்ந்து ஆகஸ்ட்டில் எம்.எல்.ஏ.விடம் மனு கொடுப்பது என்று முடிவானது. ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும்போதே ஆளுக்கொன்று சேர்த்தார்கள். ஜி.எஸ்.டி.யைக் குறைக்கணும், சேனல் விலையைக் குறைக்கணும், ஒயர் இழுக்கிற மின்கம்பத்துக்கான வாடகையைத் தள்ளுபடி செய்யணும், அரசு விளம்பரம் தரணும், நலவாரியம் வேணும், நிவாரணம் வேணும். இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது.

எம்.எல்.ஏ. வருவதற்குள் உதவியாளர் மனுவை வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்து ஓரத்தில் டிக் அடித்துக்கொண்டே போனார். முடித்துவிட்டு, “தம்பி, இதுல பெரிய விஷயமெல்லாம் டெல்லி. எம்.பி.யைப் பாருங்க” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கேபிள் சட்டம் 1995இல் நாடாளுமன்றம் போட்டது. எங்கள் பதிவே அப்போது தலைமைத் தபால் நிலையத்தில்தான். கட்டணத்தை முடிவு செய்வது டிராய் என்கிற மத்திய ஒழுங்குமுறை ஆணையம். ஜி.எஸ்.டி. கவுன்சிலில் நம் மாநில அமைச்சரும் இருக்கிறாரே என்றார் ஒரு பெரியவர். இருக்கிறார்தான், ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அந்த மேசை ரொம்ப தூரம். சென்னையில் முடிகிற காரியம் என்று பார்த்தால் மின்கம்ப வாடகை, அரசு விளம்பரம், நலவாரியம், நிவாரணம். கடைசி இரண்டையும் அந்த வருஷம் கேட்காத தொழிலே இல்லை.

எம்.எல்.ஏ. வந்தார். மாஸ்க்குக்கு மேல் பொன்னாடை. கல்வித் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசியபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது, செல்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் எங்கள் ஒயர் வழியாகத்தான் போகிறது, லைன் அறுந்தால் பாடமும் போச்சு என்றோம். வராத விளம்பரத்துக்காக அழுததைவிட இது எடுபட்டது.

அப்புறம் மனு கொடுக்கும் காட்சி. எங்கள் கேமரா பையன் லைட்டைப் போடும்வரை எம்.எல்.ஏ. மனுவின் ஒரு முனையைப் பிடித்தபடியே நின்றார். நாங்கள் மறுமுனை. அன்று ராத்திரி எல்லோர் சேனலிலும் அதுதான் முதல் செய்தி. கேட்கப் போனவர்களும் நாங்களே, அதைச் செய்தியாகப் போட்டவர்களும் நாங்களே. எனக்கு அது உறுத்தியது.

உறுத்தலுக்குக் காரணம் அடுத்த வாரமே வந்தது. அதே தொகுதியில் குடிதண்ணீர் வரவில்லை என்று பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். கூட வந்த ஒருவர் போன் செய்து, “இந்த நேரத்துல போடணுமாணா?” என்றார். நான் போட்டேன். இரண்டு பேர் போடவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டு வாடகையே கொடுக்க முடியாமல் இருந்தவர்கள். ஆனால் ‘பார்த்து ஏதாவது செய்யுங்க’ என்று கேட்டால் இப்படித்தான் ஆகும். இத்தனை இணைப்பு உள்ள சேனலுக்கு இந்த ரேட் என்று அரசு விளம்பரத்துக்கு ஒரு விதி இருந்தால், யாருக்கும் பொன்னாடை போர்த்த வேண்டியதில்லை, காலிக் குடத்தையும் மறைக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 14 முதல் 16 வரை கலைவாணர் அரங்கத்தில் சட்டமன்றம் கூடியது. மூன்றே நாள். எங்கள் கம்ப வாடகை அங்கே யார் நினைவிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் கடனைக் கொஞ்சம் அடைத்தது தேர்தல்தான். 2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. அதற்கு முன் எல்லாக் கட்சிக்காரர்களும் வந்தார்கள், தேர்தல் விளம்பரங்களைச் சரிபார்க்கிற மாவட்டக் குழுவிடம் சான்று வாங்கிய விளம்பரத்தோடு. மற்ற நாளில் பேரம் பேசுகிறவர்கள் அந்த மாதம் மட்டும் முன்பணமாகவே கொடுத்தார்கள்!

2022 நவம்பரில் லோக்கல் சேனல்களுக்கு மத்திய அரசு புது வழிகாட்டுதல் கொண்டுவந்தது. சேனலுக்கு 1,000 ரூபாய் பதிவுக் கட்டணம், அது பெரிசில்லை. உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமானால் கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டுமாம். பட்டுக்கூடு விலை சொல்கிறவன் எல்லாம் கம்பெனி ஆரம்பிக்க முடியுமா?

மறுபடியும் மனு எழுதுகிறோம். இந்த முறை ஒரே பக்கம், இரண்டே கோரிக்கை: கம்ப வாடகை, விளம்பர ரேட். மாவட்டத்தின் ஐந்து எம்.எல்.ஏ.க்களுக்கும் ஒரே நகல், பதிவுத் தபாலில். கேமராவை எடுத்துப் போவதில்லை என்று நான் சொன்னேன். அதற்கு மட்டும் இன்னும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.