ஒன்பது நிமிடப் பாட்டுக்காக லாஹ்தி வரை

முதலில் அந்த டாக்ஸிக்காரரைத் திட்டித் தீர்த்துவிடுகிறேன். பின்லாந்தின் லாஹ்தி நகர ரயில் நிலையத்துக்கும், கச்சேரி நடக்கும் சிபேலியுஸ் அரங்கத்துக்கும் அப்படியொன்றும் தூரமில்லை. மழை கொட்டியது, ஏறினேன். ஹெல்சிங்கியிலிருந்து ஒரு மணி நேரம் வந்த ரயிலுக்குக் கொடுத்ததைவிட அதிகமாகக் கறந்துவிட்டார். 2018-இல் பின்லாந்து அரசு டாக்ஸிக் கட்டண உச்சவரம்பை எடுத்துவிட்டது. ஏறும் முன் விலைப்பட்டியலைப் படித்துவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக் காசு அதோடு போயிற்று.

நல்லவேளை, மதியம் ஹெல்சிங்கித் துறைமுகச் சந்தையில் சால்மன் சூப்பை வயிறு முட்டக் குடித்திருந்தேன். கெட்டியான பாலேடு, குழைந்த உருளைக்கிழங்கு, மேலே சதகுப்பை இலை, தொட்டுக்கொள்ளப் புளிப்பேறிய கறுப்பு ரொட்டி. அந்த விலைக்கு இன்னொரு கிண்ணம்கூட வாங்கலாம்.

ஏரிக்கரையில் 2000-இல் மரத்தாலேயே எழுப்பிய அரங்கம். இருப்பதிலேயே மலிவான இருக்கை எனக்கு. நான் வந்தது பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியுஸின் ‘லுவோன்னோதர்’ என்ற பாட்டைக் கேட்க. 1913-இல் ஐனோ அக்தே என்ற பாடகிக்காக எழுதியது. இங்கிலாந்தில் குளோஸ்டரில் அவரே முதலில் பாடினார். கதை பின்லாந்துக் காப்பியமான கலேவலாவின் முதல் பாடலிலிருந்து. ஈழத்து எழுத்தாளர் ஆர். சிவலிங்கம் 1994-இலேயே கலேவலாவைத் தமிழில் தந்துவிட்டதால், கதை தெரிந்தே போய் உட்கார்ந்தேன். காற்றின் மகள் கடலில் இறங்கி எழுநூறு ஆண்டுகள் மிதக்கிறாள். கூடு கட்ட இடமின்றி அலையும் பறவைக்கு முழங்காலை உயர்த்திக் கொடுக்கிறாள். முட்டை உருண்டு உடைகிறது. மேலோடு வானமாகிறது, வெண்கரு நிலவாகிறது.

வயலின்கள் முணுமுணுவென்று ஓட, பாடகி ஏறக்குறையத் தனியாகவே எடுத்தார். பெரிதாகத் துணை இல்லாமல் இரண்டு ஸ்தாயி ஏறி இறங்க வேண்டிய பாட்டு இது. பறவை தவிக்கும் இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நடுவே டிம்பனி என்ற பெரிய முரசை வாசிப்பவர் தோலில் காதை ஒட்டிவைத்துச் சுருதி சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு கவலை.

இதை ஏன் அடிக்கடி போடுவதில்லை? ஒன்பது நிமிடத்துக்கு முழு இசைக்குழு, பின்னிஷ் மொழியில் பாடத் தெரிந்த அசுரக் குரல், அவருக்குச் சம்பளம்: கணக்குப் பார்க்கிறார்கள். சிபேலியுஸின் பிரபலமான ‘பின்லாந்தியா’ போட்டால் கூட்டம் தானாக வருகிறதே!

டிக்கெட் விவரமெல்லாம் வரிசையாக எழுதுவதாக இருந்தேன். அடுத்த பதிவில் பார்க்கலாம். இடைவேளைக்குப் பிறகு சிபேலியுஸின் இரண்டாம் சிம்பொனி, முக்கால் மணி நேரம். நன்றாகத்தான் வாசித்தார்கள். அதற்குப் பதில் அந்தப் பாட்டையே இன்னொரு முறை பாடவைத்திருக்கலாம்.