அக்காமார் வீட்டுச் சண்டையும் ஒரு பேராயரும்: கொலோன் பயணம்

ஜெர்மனியின் கொலோன் நகரில் ரயிலை விட்டு இறங்கினால் வாசலிலேயே கதீட்ரல் நிற்கிறது. எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். நான் அங்கிருந்து 18-ஆம் எண் டிராம் ஏறி, பார்பரோசா பிளாட்ஸில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்து புனித பந்தலேயோன் கோயிலுக்குப் போனேன். அங்கே அடக்கமாகியிருக்கும் பேராயர் புரூனோவைப் பற்றிப் படித்த நாளிலிருந்தே அவர் கல்லறையைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

கோயிலின் மேற்கு முகப்பு பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. நடுவில் கனமான சதுரக் கோபுரம், இரு பக்கமும் மெலிந்த இரண்டு கோபுரங்கள். பக்கத்துக் கோபுரங்களைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்: அடியில் சதுரம், அப்புறம் எண்கோணம், உச்சியில் வட்டம். இரண்டாம் உலகப் போரில் பெரிதும் சிதைந்து, மறுபடி கட்டி எழுப்பிய கோயில் இது. உள்ளே அமைதியாக இருந்தது. படியிறங்கி நிலவறைக்குப் போனால் புரூனோவின் கல்லறை. நான் அங்கே வெகுநேரம் நின்றேன்.

புரூனோ பிறந்தது 925-இல். ஜெர்மானிய அரசர் முதலாம் ஹென்றிக்கும் அரசி மாத்தில்டாவுக்கும் கடைக்குட்டி. நான்கு வயதிலேயே படிப்புக்கென்று உட்ரெக்ட் ஆயர் பால்டரிக்கிடம் அனுப்பிவிட்டார்கள். 936-இல் அப்பா இறந்து அண்ணன் ஓட்டோ முடிசூடியதும் வீட்டுக்குள் பகை மூண்டது. மூத்த தாரத்து மகன் தாங்க்மார் கலகம் செய்து 938-இல் கொல்லப்பட்டார். அடுத்த அண்ணன் ஹென்றியும் ஓட்டோவை எதிர்த்துக் கிளம்பினார். அக்கா கெர்பெர்காவின் கணவர் கீசல்பெர்ட், அரசின் மேற்கு எல்லைப் பகுதியான லோதரிங்கியாவின் கோமகன், அந்தக் கலகத்தில் சேர்ந்து 939-இல் தப்பி ஓடும்போது ரைன் ஆற்றில் மூழ்கி இறந்தார். உடன்பிறந்த அண்ணனை எதிர்த்த போரில் ஒரு தங்கை தாலியறுத்தாள் என்றால் அந்த வீட்டின் நிலைமை புரியும். அதே ஆண்டில்தான் பதினான்கு வயது புரூனோவை அரசவைக்கு அழைத்துக்கொண்டார் ஓட்டோ.

புரூனோவின் வரலாற்றை அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே எழுதியவர் ரூட்கர், இதே பந்தலேயோன் மடத்துத் துறவி. அவர் சொல்லும் சின்னச் சின்ன விஷயங்கள்தான் எனக்கு அந்த மனிதரைக் கண்முன் நிறுத்தின. அரசரின் கூடாரம் எங்கே போனாலும் புரூனோவின் நூலகமும் கூடவே போகுமாம், விவிலியத்தில் இஸ்ரயேலர் தங்கள் புனித உடன்படிக்கைப் பேழையைத் தூக்கிப்போவது போல. சுற்றியிருந்த ஊழியர்கள் செந்நீலப் பட்டிலும் வீரர்கள் பொன்னிலும் மின்ன, அவர் சாதாரண அங்கியும் ஆட்டுத்தோலும் போட்டுக்கொண்டு நடுவில் இருப்பாராம். பழைய லத்தீன் நாடகங்களைப் படித்து மற்றவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கும்போது, இவர் சிரிக்காமல் நடையையும் சொல்லாட்சியையும் கவனித்துக்கொண்டிருப்பாராம்.

953-இல் கொலோன் பேராயரானார். அதே ஆண்டு ஓட்டோவின் மகன் லியுடால்ஃப், மருமகன் கொன்ராடோடு சேர்ந்து தகப்பனுக்கு எதிராகக் கிளம்பினான். கொன்ராட் வைத்திருந்த லோதரிங்கியாவை எடுத்து, பேராயரான தம்பியின் கையில் கொடுத்தார் ஓட்டோ. அப்படி ஒரே ஆள் பேராயரும் கோமகனும் ஆனார். ஆன்மிகத் தலைவருக்குப் படையும் அரசியலும் எதற்கு என்று கேட்டவர்கள் அப்போதே உண்டு. ரூட்கர் தன் நூலில் அவர்களுக்குப் பதில் சொல்கிறார்: மக்களுக்கு அமைதி கிடைத்ததே, அதைப் பாருங்கள் என்கிறார். நான் ரூட்கர் கட்சிதான்.

அதற்குக் காரணம் அக்காமார் கதை. கெர்பெர்கா மறுமணம் செய்தது மேற்கு ஃபிராங்கிய (பிற்காலப் பிரான்ஸ்) அரசர் நான்காம் லூயியை. இன்னொரு அக்கா ஹாட்விக் வாழ்க்கைப்பட்டது அந்த லூயிக்கே பெரும் தலைவலியாக இருந்த பிரபு, பெரிய ஹ்யூகோவுக்கு. 954-இல் லூயி இறந்தார். 956-இல் ஹ்யூகோவும் போய்ச் சேர்ந்தார். இரண்டு அக்காவும் விதவை, இரண்டு வீட்டிலும் வயது வராத பிள்ளைகள். ஒரு பக்கம் பதின்மூன்று வயதில் முடிசூடிய லோத்தர், மறுபக்கம் ஹ்யூகோ காப்பே. அப்பன்மார் காலத்துப் பகையைப் பிள்ளைகள் தொடராமல் இருக்க வேண்டுமே! இரு வீட்டுக்கும் பொதுவாக இருந்த ஆண் துணை தாய்மாமன் புரூனோதான். ஒரு மருமகனுக்காக இன்னொருவனை நசுக்கிவிடாமல், தேவைப்பட்டபோது படையோடும் மற்ற நேரத்தில் பேச்சோடும் ஆண்டுக்கணக்கில் இருவரையும் அணைத்துக்கொண்டு போனார். அவர் கட்டிய கோயில்களைவிட இதுதான் பெரிய காரியம் என்பேன்.

961-இல் இன்னொரு பொறுப்பு. ஓட்டோ பேரரசராக முடிசூட ரோமுக்குக் கிளம்பினார். ஆறு வயது மகன் இரண்டாம் ஓட்டோவைச் சித்தப்பா புரூனோவிடமும், மைன்ஸ் பேராயர் வில்லியமிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனார். வில்லியம் யார் தெரியுமா? ஓட்டோவுக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு ஸ்லாவியப் பெண்ணிடம் பிறந்த மகன். சிறுவன் இரண்டாம் ஓட்டோ வளர்ந்து மணந்துகொண்ட கிரேக்க இளவரசி தியோஃபானு இதே பந்தலேயோன் கோயிலில், வெண்பளிங்குப் பேழையில் உறங்குகிறாள்.

965-இல், ஈஸ்டருக்குப் பின் வரும் பெந்தகோஸ்தே திருநாளுக்கு மொத்தக் குடும்பமும் கொலோனில் கூடியது. வயதான அம்மா மாத்தில்டா, பேரரசர் ஓட்டோ, கெர்பெர்கா, மருமகன் லோத்தர் எல்லோரும் வந்திருந்தார்கள். சில மாதம் கழித்து மருமகன்களுக்குள் மறுபடி உரசல். சமாதானம் பேச மேற்கே போன புரூனோ, அக்டோபர் 11 அன்று ரைம்ஸ் நகரில் இறந்தார். நாற்பது வயதுதான். உடலைக் கொலோனுக்குக் கொண்டுவந்து, அவரே தொடங்கிய பந்தலேயோன் மடத்தில் அடக்கம் செய்தார்கள். கோயிலைக் கட்டி முடிக்கத் தன் உயிலிலேயே பணம் ஒதுக்கியிருந்தார். 980-இல்தான் அது அருட்பொழிவு பெற்றது. லோத்தரின் மகன் பிள்ளையில்லாமல் இறந்தபின் 987-இல் பிரான்சின் அரியணை ஏறியவர் ஹ்யூகோ காப்பே.

போகிறவர்கள் கதீட்ரலின் கருவூலத்தையும் விட்டுவிடாதீர்கள். புனித பேதுருவின் கைத்தடி என்று வணங்கப்படும் மரக்கோல் அங்கே இருக்கிறது, தந்தத்தில் செய்த குமிழோடு. மெட்ஸ் நகரிலிருந்து அதைக் கொலோனுக்குக் கொண்டுவந்தவர் புரூனோ. 980-இல் ட்ரியர் பேராயர் எக்பெர்ட் கேட்டு வாங்கிப்போன பகுதி இப்போது லிம்பூர்க்கில் இருக்கிறது. அடுத்த முறை அங்கேயும் போக வேண்டும்.