ஆர்.எல். ஸ்டைனும் பச்சை கொழகொழாவும் என் பையனும்

என் பையனுக்கு ஒன்பது வயசு முடியப் போகுது, போன லீவு வரைக்கும் ஒரு புக்கை முழுசா படிச்சு முடிச்சதே இல்ல. வாங்கிக் கொடுக்காம இல்லங்க, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வாங்கி அலமாரியில அடுக்கி வெச்சிருக்கோம், நீதிக்கதை, தெனாலிராமன், தலைவர்கள் வாழ்க்கை வரலாறுன்னு எல்லாம் இருக்கு, புது வாசனை கூட போகல. நாலு பக்கம் புரட்டுவான், அப்புறம் தண்ணி குடிக்கணும்னு எந்திரிச்சு போயிடுவான். லீவுக்கு அண்ணன் வீட்டுக்கு போனப்போ அண்ணன் பொண்ணோட பழைய புக்கெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில கெடந்துச்சு, அதுல இருந்து அட்டை கிழிஞ்ச ஒரு கூஸ்பம்ப்ஸ் புக்கை (ஆர்.எல். ஸ்டைன்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர் பசங்களுக்காக எழுதின திகில் கதை வரிசை) எடுத்துக்கிட்டு கட்டிலுக்கு அந்தப்பக்கம் போய் உக்காந்தவன், மதியம் சாப்பிட மூணு தடவை கூப்பிட்டும் வரல. மான்ஸ்டர் பிளட்ங்கற புக்கு, 1992ல வந்தது, அந்த வரிசையில மூணாவது.

கதை ரொம்ப சிம்பிள். ஈவன்னு ஒரு பையன், அவங்க அப்பா அம்மா அட்லாண்டாவுல வீடு பாக்க போறதால காது கேக்காத ஒரு வயசான பாட்டி வீட்டுல அவனை விட்டுட்டு போறாங்க. பழைய பொம்மைக் கடையில தூசி படிஞ்ச ஒரு டப்பா வாங்குறான், உள்ள பச்சையா கொழகொழன்னு ஒண்ணு. முதல்ல பந்து மாதிரி குதிக்குது, இருட்டுல மின்னுது, ஜாலியா இருக்கு. அப்புறம் அது வளர ஆரம்பிக்குது, டப்பா பத்தாம பக்கெட்டு, பக்கெட்டு பத்தாம பாத்டப்பு, நடுவுல அவன் நாய் வேற அதுல கொஞ்சம் தின்னுட்டு கன்னாபின்னான்னு பெருசாகிடுது. என் பையன் ராத்திரி சாப்பிடும்போது இதை எனக்கு விவரமா சொல்றான், எனக்கு தட்டுல இருந்த பாசிப்பருப்பு கூட்டு இறங்கல. ஆனா சொல்லும்போது அவன் மூஞ்சியில இருந்த சந்தோஷம் இருக்கே, ஒரு புக்கைப் பத்தி அவன் அப்படி பேசி நான் பாத்ததே இல்ல.

லீவு முடிஞ்சு ஸ்கூல் மீட்டிங் போனப்போ ஒரு மிஸ், பேர் வேண்டாம், "ஏங்க இந்த மாதிரி புக்கெல்லாம் கொடுக்கறீங்க, நல்லதா ஏதாவது படிக்கட்டுமே"ன்னு சொன்னாங்க. அங்க எனக்கு பதில் வரல, தலையாட்டிட்டு வந்துட்டேன், ஆனா வீட்டுக்கு வந்தும் மனசு ஆறல. அதனாலதான் உக்காந்து இந்த ஸ்டைன் யாரு என்னன்னு ஒழுங்கா படிச்சேன். இந்த சண்டை அமெரிக்காவுலயும் நடந்திருக்கு, 1990ல இருந்து 1999 வரைக்கும் நூலகங்கள்ல இருந்து எடுக்கச் சொல்லி அதிகமா புகார் வந்த புத்தகங்கள்னு அமெரிக்க நூலக சங்கம் போட்ட பட்டியல்ல கூஸ்பம்ப்ஸ் 15வது இடம். அதே சமயம் உலகம் முழுக்க 40 கோடி பிரதிக்கு மேல வித்திருக்கு. புகார் சொன்னது பெரியவங்க, வாங்கச் சொல்லி நச்சரிச்சது பசங்க. முதல் சில மாசம் அந்த புக்கு சரியா விக்கவே இல்லையாம், விளம்பரமும் கெடையாது, ஒரு பையன் இன்னொரு பையன்கிட்ட சொல்லி, அவன் அடுத்தவன்கிட்ட சொல்லி அப்படியே பரவியிருக்கு.

1997ல ஸ்டைனோட வாழ்க்கைக் கதையை பசங்களுக்காகவே ஒரு புக்கா போட்டிருக்காங்க, இட் கேம் ஃப்ரம் ஒஹாயோன்னு. பையன் அலமாரியில இருக்கற தலைவர்கள் வரலாறெல்லாம் "இவர் இந்த ஆண்டு இந்த ஊரில் பிறந்தார், சிறு வயதிலேயே நேர்மையாக விளங்கினார்"னு தான் ஆரம்பிக்கும், அவனுக்கு அதுல புடிச்சுக்க ஒண்ணுமே இருக்காது. ஸ்டைன் கதையில பயந்தாங்கொள்ளியா ஒரு சின்னப் பையன் வர்றான். 1943ல ஒஹாயோ மாநிலத்துல கொலம்பஸ் நகரத்துல பொறந்தவர், வளந்தது பக்கத்துல பெக்ஸ்லின்னு வசதியானவங்க இருக்கற ஊரு, ஆனா இவங்க வீட்டுல வசதி இல்ல. எதை பாத்தாலும் பயம், கூச்சம். ஒன்பது வயசுல வீட்டுப் பரண்ல ஒரு பழைய டைப்ரைட்டர் கெடைக்குது, அன்னிலேர்ந்து ரூமுக்குள்ளயே உக்காந்து ஜோக்கும் குட்டிக் கதையுமா டைப் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கார். ஒன்பது வயசுன்னு சொன்னதும் என் பையன் நிமிந்து உக்காந்தான்.

அவங்க அம்மா தூங்க வைக்க பினோக்கியோங்கற மரப்பொம்மைப் பையன் கதையை படிச்சுக் காட்டுவாங்களாம், அது சினிமாவுல வர்ற பினோக்கியோ இல்ல, பழைய இத்தாலியக் கதை. அதுல பினோக்கியோ புத்தி சொன்ன சில்வண்டை சுத்தியலால அடிச்சு சுவத்தோட நசுக்கிடுறான், அப்புறம் கணப்புல காலை வெச்சபடி தூங்கி ரெண்டு பாதமும் எரிஞ்சு போகுது. இதை கேட்டுட்டு தூங்கின குழந்தை பிற்காலத்துல வேற என்ன எழுதும் சொல்லுங்க. அந்தக் காலத்துல வந்த பேய் காமிக்ஸை வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க, ஆனா முடிவெட்டுற கடையில அது இருந்திருக்கு, அதைப் படிக்கறதுக்காகவே சனிக்கிழமை சனிக்கிழமை முடிவெட்ட போவாராம்! தம்பி பில்லுக்கு ராத்திரி படுக்கையில பயங்கரக் கதை சொல்லி, ரொம்ப பயமான எடம் வந்ததும் "தூக்கம் வருது"ன்னு நிறுத்திடுவாராம். கூஸ்பம்ப்ஸ்ல ஒவ்வொரு அத்தியாயமும் ஏன் அப்படி அந்தரத்துல தொங்க விட்டுட்டு முடியுதுன்னு இப்ப புரியுதா? இதைப் படிச்சுக் காட்டின அன்னிக்கு ராத்திரியே என் பையன் பாப்பாகிட்ட அதே வேலையை காட்டிட்டான், அவ அழுதுக்கிட்டே என் பக்கத்துல வந்து படுத்துக்கிட்டா, அது தனிக் கதை.

பெரியவரானதும் முதல்ல எழுதினது முழுக்க காமெடிதான், ஜோவியல் பாப் ஸ்டைன்னு பேர் போட்டு ஜோக் புக்கெல்லாம் எழுதினார், நியூயார்க்ல ஸ்கொலாஸ்டிக் கம்பெனிக்காக பனானாஸ்னு ஒரு காமெடி பத்திரிகைய பல வருஷம் நடத்தியிருக்கார். ஒரு எடிட்டர் டீனேஜ் பசங்களுக்கு ஒரு திகில் நாவல் எழுதுங்கன்னு பிளைண்ட் டேட்ங்கற தலைப்பையும் அவங்களே கொடுத்து கேட்டாங்க, 1986ல அது வந்துச்சு, அங்கேர்ந்து ரூட்டே மாறிடுச்சு. டீனேஜ் பசங்களுக்கான ஃபியர் ஸ்ட்ரீட் திகில் வரிசை 1989, கூஸ்பம்ப்ஸ் 1992. அஞ்சு வருஷத்துல முதல் வரிசை மட்டுமே 62 புக்கு, கிட்டத்தட்ட மாசம் ஒண்ணு! எனக்கு மாசம் ஒரு போஸ்ட் எழுதவே நேரம் கெடைக்கல. தலைப்பு தான் முதல்ல வருமாம், அப்புறம் அத்தியாயம் அத்தியாயமா திட்டம் போட்டுட்டு தான் எழுத உக்காருவார்.

அந்த மிஸ்கிட்ட நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்னு இப்ப தோணுது. இவர் புக்குல புழு இருக்கும், கொழகொழா இருக்கும், ஆனா போதை, துப்பாக்கி, அப்பா அம்மா பிரிஞ்சு போறதுன்னு ஒரு குழந்தைக்கு நெஜமாவே வீட்டுல நடக்கக்கூடிய எதையும் கூஸ்பம்ப்ஸ்ல கொண்டு வர மாட்டேன்னு கவனமா இருந்திருக்கார். இது நெஜத்துல நடக்காதுன்னு பசங்களுக்கு தெரிஞ்சிருக்கணும், அதுக்கப்புறம் எவ்வளவு வேணா பயமுறுத்தலாம்ங்கறது அவர் கணக்கு. என் பையன் இதுவரைக்கும் ஆறு புக்கு முடிச்சிட்டான், ஒரு நாள் கூட கெட்ட கனவுன்னு எந்திரிச்சதில்ல.

எனக்கு புடிச்சது 1993ல வந்த ஹாண்டட் மாஸ்க். கார்லி பெத்னு ஒரு பயந்த சுபாவப் பொண்ணு, கூடப் படிக்கற ரெண்டு பசங்க அவ சாண்ட்விச்சுக்குள்ள புழுவை வெச்சு கடிக்க விட்டுடறாங்க. திருப்பி பயமுறுத்தணும்னு பேய் வேஷம் போடற ஹாலோவீன் பண்டிகைக்கு ஒரு கொடூரமான முகமூடி வாங்கி மாட்டிக்கறா, ராத்திரி கழட்டலாம்னு கழுத்துல கைய வெச்சு தடவுனா முகமூடி எங்க முடியுது தோல் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. கடைசியில அவளை காப்பாத்தறது அவங்க அம்மா செஞ்சு வெச்ச ஒரு பொருள், அது என்னன்னு சொல்ல மாட்டேன், எனக்கு அந்த எடத்துல கண்ணு கலங்கிடுச்சு.

அந்தக் கதை எப்படி வந்துச்சுன்னு பையனுக்கு சொன்னேன். ஸ்டைனோட பையன் மேட் சின்ன வயசுல ஒரு ஃப்ராங்கன்ஸ்டைன் ரப்பர் முகமூடிய மாட்டிக்கிட்டு கழட்ட முடியாம இழுத்து இழுத்து பாத்திருக்கான், அதைப் பாத்துட்டு ஸ்டைன் அவனுக்கு உதவி பண்ணாம அட இது நல்ல கதையா இருக்கேன்னு குறிப்பு எழுத ஆரம்பிச்சிட்டாராம்.

"அப்பாவா இருந்துக்கிட்டு கழட்டி விடலையா?"

"கழட்டியிருப்பாங்கடா, யாராவது."

"யாரு?"

தெரியலன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தான், அப்புறம் புக்கைத் தூக்கிக்கிட்டு கட்டில்ல குப்புறப் படுத்து விட்ட எடத்துல இருந்து ஆரம்பிச்சான். ஒரு கையில புக்கு, இன்னொரு கையால தன் கழுத்தை தாடைக்குக் கீழ மெதுவா தடவி பாத்துக்கிட்டே படிக்கறான்.