நந்திக்கு ஒரு பிடி புல்

இது அம்மா வைத்த நேர்த்தி. போன மார்கழி மழையில் என் சின்னவனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, பிளேட்லட் மளமளவென்று இறங்கி, ஆஸ்பத்திரி வாட்டில் ஆறு நாள் கிடந்தான். நான் அவன் கட்டிலடியில் இருந்தேன். அம்மா ஆரையம்பதியில் எங்கள் வீட்டுப் படலையில் நின்று, மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயில் இருக்கும் திக்கைப் பார்த்து, "தான்தோன்றியப்பா, எண்ட பேரனை எழுப்பித் தா. மடிப்பிச்சை எடுத்து வந்து உண்ட வாசல்ல கொட்டுறன்" என்று நேர்ந்துகொண்டார். ஏழாம் நாள் பிள்ளை எழுந்திருந்து இடியப்பம் கேட்டான். அம்மாதான் சித்திரை பிறந்த கையோடு கண்ணை மூடிவிட்டார். கடைசி நாட்களில் பேச்சுக் குழறியபோதும் "நேர்த்தி, நேர்த்தி" என்பது மட்டும் தெளிவாக வந்தது.

ஆவணித் திருவிழாவுக்குக் கொடியேறியதும் மனம் கிடந்து அடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை முழுகி, முந்தானையை ஏந்திக்கொண்டு எங்கள் ஒழுங்கையில் இறங்கினேன். இத்தனை வருஷம் உத்தியோகம் பார்த்தவள் அயலவர் படலையில் பிச்சைக்கு நிற்பது லேசில்லை. முதல் வீட்டில் நாக்கு எழவில்லை. மூன்றாவது வீட்டில் வெட்கம் போய் அழுகை வந்துவிட்டது. ஒருவர் சிவப்பரிசி போட்டார், ஒருவர் நாட்டரிசி. எதிர்வீட்டு டீச்சர் அக்கா வேதக்காரர், கிறிஸ்தவர். ஒரு கொத்துச் சம்பா அளந்து கொண்டுவந்து மடியில் போட்டார். சாறி விற்க வரும் காத்தான்குடி முஸ்லிம் அக்கா, எங்கள் ராத்தா, அந்த நேரம் பார்த்து மூட்டையோடு வந்து சேர்ந்தார். என்னைக் கண்டு கொஞ்சம் யோசித்துவிட்டு, நூறு ரூபாய்த் தாளை நாலாக மடித்துப் போட்டார். "கோயிலுக்கெண்டு தரப்படாது தங்கச்சி. உண்ட புள்ளைக்கெண்டு தாறன்" என்றார். எனக்கு அது போதும். என் அம்மாவும் பிள்ளைக்கென்றுதானே கேட்டார்.

வானில் மாமாவும் வந்தார். மாமாவுக்குக் கொக்கட்டிச்சோலை என்றால் உயிர். மண்முனைப் பாலத்தில் ஏறியதும் தொடங்கிவிட்டார். "இது சிவபூமி மகள். நம்மட சாமி நம்மளக் கைவிடாது. பறங்கியனையே ஓட வைச்சவர்" என்றார். நான் பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாலம் 2014இல்தான் வந்தது. அதற்கு முன்னால் பாதையில்தான் கடப்போம். பாதை என்றால் எங்கள் ஊரில் ஆளையும் சைக்கிளையும் அக்கரை சேர்க்கும் மிதவை. வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குப் போகும் அந்த நேரத்துக்குள் அப்பா நந்திக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்.

கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். கோயிலை இடிக்க வந்த பறங்கித் துரை, அதாவது போர்த்துக்கீசத் துரை, "உன் கல்மாடு புல் தின்னுமா?" என்று கேட்டான். குருக்கள் தான்தோன்றீஸ்வரரை நினைத்து ஒரு பிடி புல்லை நீட்டினார். நந்தி எழுந்து புல்லைத் தின்று, சாணம் போட்டு, துரையை ஓர் உதை உதைத்தது. அப்பா அந்த உதையைக் காலைத் தூக்கிக் காட்டித்தான் சொல்வார். பாதையில் நிற்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அப்போது எனக்குள் ஏறிய பெருமிதம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. கடவுள் எங்களுடைய ஆள். மற்றவர்கள் வந்து உதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள்.

1991 ஜூன் 12ஆம் தேதி கோயிலுக்குப் பக்கத்து மகிழடித்தீவில் இராணுவத்தின் கையால் அத்தனை சனம் கொல்லப்பட்டது. அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர்கள் அதில் போனார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. "அண்டைக்கு நந்தி ஏன்பா எழும்பல்ல?" என்று கேட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போய், கால் கழுவாமல், வாளியைப் பிடித்துக்கொண்டே நெடுநேரம் நின்றார். சாகும்வரை நந்திக் கதையை அவர் மறுபடி சொல்லவேயில்லை. ஆனால் கோயிலுக்குப் போவதை ஒரு வருஷமும் விட்டதில்லை.

கடவுள் தங்கள் பக்கம்தான் என்று நம்பாத சனமும் குறைவுதான். மட்டக்களப்புக் கோட்டையைப் பறங்கியர் 1628இல் கட்டினார்கள். அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னால், 1494இலேயே, போர்த்துக்கலும் ஸ்பெயினும் கடலை இரண்டாகக் கீறிப் பங்கு பிரித்துக்கொண்ட உலகம் அது. கோட்டை கட்டிப் பத்தே வருஷத்தில், 1638இல், ஒல்லாந்தர் வந்து பிடித்தார்கள். அவர்களோ தங்கள் நாட்டைக் கடவுள் தெரிந்தெடுத்த புதிய இஸ்ரவேல் என்று எண்ணிக்கொண்டவர்கள். பிடித்தவனும் தோற்றவனும் ஒரே யேசுவிடம்தான் வெற்றி கேட்டிருப்பார்கள். இந்த நாட்டில் புத்தர் தம் கடைசி வேளையில் இலங்கையைக் காக்கும்படி தேவர்களின் அரசன் சக்கனிடம் ஒப்படைத்தார் என்று மகாவம்சம் சொல்கிறது. அதை வைத்துத் தீவே தங்களுக்கென்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் சிவபூமி என்கிறோம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டவர்களும் தமிழ் பேசியவர்கள்தான். அந்தச் சேதி வந்த நாளில் ஒழுங்கையே வாயடைத்துப் போனது. ராத்தா என்னைத் தங்கச்சி என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று குனிகிறது.

2004 மார்கழியில் கடல் வந்தபோது கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்தது. எந்த வீட்டுச் சுவரில் எந்தப் படம் தொங்குகிறது என்று தண்ணீர் பார்க்கவில்லை. இதையெல்லாம் மாமாவிடம் சொல்ல வாய் வந்தது. நேர்த்திக்குப் போகிற வழியில் வாக்குவாதம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கோயிலடி வந்ததும் தொல்லை தொடங்கியது. வளவொன்றில் வானை விட இருநூறு ரூபாய் என்றான் ஒரு பொடியன். உள்ளே விட்ட பிறகு முந்நூறு என்றான். அர்ச்சனைத் தட்டு விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. காய்ந்த வெற்றிலையும் அழுகல் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு, கேட்டால் "சாமிக்குக் கணக்குப் பார்க்கிறீங்களா அக்கா" என்கிறார்கள். கச்சான் கடைகளின் ஸ்பீக்கர் சத்தத்தில் மேளச்சத்தம் கேட்கவில்லை. உள்ளே போனால் இடுப்பில் ஒருவரின் முழங்கை, காலில் ஒருவரின் குதி. எல்லாக் கையும் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. தேசத்துக் கோயில் என்று சும்மாவா பேர்? ஒவ்வொரு குடிக்கும் ஊருக்கும் உரிமை உண்டு, திருவிழா உண்டு. அதனால் யார் முன்னால் நிற்பது என்பதில் சண்டையும் உண்டு. சின்னவன் மூச்சு முட்டுகிறது என்றான். மாமா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். அரிசி முடிச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் ஓர் அடி, அரை அடி என்று நகர்ந்தேன். கொட்ட வேண்டிய இடத்தில் முடிச்சை அவிழ்த்தேன். சிவப்பும் வெள்ளையும் கலந்து சரசரவென்று இறங்கி, ராத்தாவின் தாள் நடுவே சொருகிக்கொண்டது.

அம்மா, கொட்டிவிட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன்.

அப்போது திரை விலகியது. தீபம் எழுந்தது. எங்கிருந்தோ ஒரு கிழவர் தொண்டை கிழிய, "தென்னாடுடைய சிவனே போற்றி" என்றார். கூட்டம் முழுவதும் "எந்நாட்டவர்க்கும் இறைவா போற்றி" என்றது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சொல்கிற வரிகள்தான். நானும் சொன்னேன். எந்நாட்டவர்க்கும் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நன்றி சொல்லத்தான் வந்தேன். அப்பனே, என் பிள்ளையைத் தந்தாய் என்று சொல்ல எத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

அந்த வாட்டில் பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பிள்ளை இருந்தான். மகாஓயாப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. அவனுக்கும் என்னுடையவன் வயதுதான். கையில் பௌத்தர்கள் காப்பாகக் கட்டும் வெள்ளைப் பிரித் நூல். என்னுடையவன் கையில் கோயில் கயிறு. அந்தத் தாய்க்குத் தமிழ் பத்துச் சொல் தெரியும், எனக்குச் சிங்களம் பத்துச் சொல் தெரியும். நான் கண்ணயர்ந்த வேளையில் என் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்டது அவள்தான். விழித்துப் பார்த்தபோது, ஒரு கையால் அவனுக்கும் மறு கையால் தன்னுடையவனுக்குமாகத் துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் "புத்தா" என்றுதான் கூப்பிட்டாள். சிங்களத்தில் மகனே என்று அர்த்தம். நாலாம் இரவு அவள் பிள்ளைக்கு நிலைமை மோசமானது. வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அம்புலன்ஸ் வந்தது. போகிற அவசரத்தில் என் கையைப் பிடித்து, "அக்கே, தெவியன்ட கியன்ன" என்றாள். சாமியிடம் சொல்லுங்கள் என்று அர்த்தம். எந்தச் சாமி என்று அவள் சொல்லவில்லை.

நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு மறந்து போனேன். எட்டு மாதம். என் பிள்ளைக்காக விடிய விடிய மன்றாடிய வாய் அந்தப் பிள்ளைக்காக ஒரு சொல் சொல்லவில்லை. அவன் பிழைத்தானா, தெரியாது. அவள் நம்பர் எழுதித் தந்த துண்டு மருந்துச் சீட்டுகளோடு எங்கேயோ போய்விட்டது. ஆனால் இத்தனை நாளும் "கடவுள் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவனைப் பார்க்காமல் விட்டார் என்றா அதற்கு அர்த்தம்? அப்படி ஒரு சாமியை நான் கும்பிடுவேனா?

"அந்தப் புத்தாவை, அப்பனே, அந்தப் புத்தாவை" என்று மட்டும் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், யாரோ "நகருங்க கா" என்றார்கள். சுடர் அசைந்தது. லிங்கத்தில் அந்த ஒளி பட்டு வழிந்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. என்னைத் தண்டிக்கவில்லை அவர். நான் மறந்ததை ஞாபகப்படுத்தத்தான் அம்மாவின் நேர்த்தியைப் பிடித்து என்னை இழுத்து வந்தார். எத்தனை பெரிய கருணை! நான் கேட்காமலே கிடைத்தது.

வீட்டுக்கு வந்து டீச்சர் அக்காவுக்குத் திருநீறு வேண்டாம் என்பதால் பழம் மட்டும் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். தங்கள் வேதத்தில் ஆமோஸ் என்ற தீர்க்கதரிசி இருக்கிறார் என்றார். இஸ்ரவேலை எகிப்திலிருந்து கூட்டி வந்த நான்தானே பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கூட்டி வந்தேன் என்று கடவுள் அவர் வாயால் கேட்கிறாராம். பெலிஸ்தர் இஸ்ரவேலுக்குப் பகையாளிகள். "தான் தெரிஞ்செடுத்த சனத்துக்கே அப்படிச் சொல்லியிருக்கார்" என்றார் அக்கா. நான் அதைக் கேட்டு வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். சாமி கும்பிட்டு வெளியே வரும்போது சின்னவன் நந்தியடியில் நின்றுவிட்டான். மாமா கதையைச் சொன்னார், அப்பா மாதிரியே காலைத் தூக்கிக் காட்டி. பிள்ளை சிரித்தான். நந்தியின் மாலையிலிருந்து கீழே விழுந்திருந்த அறுகம்புல்லைப் பொறுக்கி அதன் வாயருகே வைத்தான். அப்புறம் என்னைப் பார்த்து, "அம்மா, அந்தத் துரைக்கு நல்லா நொந்திருக்குமா? யாராவது திருநீறு போட்டு விட்டாங்களா?" என்று கேட்டான்.

மாமாவிடம் பதில் இல்லை. நான் திருநீறு தருகிற இடத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு பொட்டலம் வாங்கினேன். அது இப்போது எங்கள் சாமித்தட்டில், அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகாஓயாப் பக்கம் போகிறவர்கள் யாராவது தெரிந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.